சென்னிமலைச் சரிவும் நொய்யல் படுகையும்

நமது சங்கங்களின் துணைவிதிகளில் ‘செயல் எல்லை’ என்றொரு பகுதி உண்டு. ஊர்ப்பெயர்கள் வரிசையாக நிற்கும். ஓர் ஓடையின் பெயரைக் காண்பது அரிது. கணக்கு வழக்குக்கு அது போதும். தண்ணீரோ மேட்டையும் பள்ளத்தையுமே அறியும்.

சென்னிமலை தனித்து நிற்கும் ஒரு குன்று. அதன் தெற்கே நிலம் மெல்லச் சரிந்து நொய்யலாற்றில் இறங்குகிறது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து, கிழக்கே காவிரியில் கலக்கும் ஆறு அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியாதலால் இங்கு மழை குறைவு, மண்ணுக்கடியில் கெட்டிப்பாறை. பாறை வெடிப்புகளில் தங்கும் நீரே கிணற்று நீர். ஆதலால் ஆற்றில் தேங்குவது நாளடைவில் கரையோரக் கிணறுகளிலும் ஊறும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. பாசனத்துக்கென 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிற்று. சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்ந்தன. உழவர்கள் வழக்காடினர். கழிவை அறவே வெளியேற்றாத நிலையை எய்தும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

“அது பனியன் தொழிலின் குற்றம், கைத்தறிக்கு அதில் பங்கில்லை” என்று நெசவாள அன்பர்கள் கூறக்கூடும். அளவில் அது உண்மையே. மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. ஆயினும் பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு வேண்டும் என்பது இரு தொழிலுக்கும் பொது. கழிவுநீரின் நிறத்தைச் சுண்ணாம்பு முதலியன இட்டு வெகுவாகக் குறைக்கலாம். கரைந்த உப்பு அவ்வளவு எளிதில் நீங்காது. தெளிந்த நீரென்று எண்ணி ஏமாறுவது இதனாலேயே.

எனவே, சாயக்கூலி பேசும்போது கழிவு எங்கே போகிறதென்று நெசவாளர் சங்கம் கேட்டே ஆகவேண்டும். சுத்திகரிப்பால் கூடும் செலவைப் போர்வையின் விலையில் சேர்க்கலாம். நெசவுக்கூலியில் ஒரு காசும் கைவைத்தல் தகாது. வேளாண்மைச் சங்கமும் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வழங்குமுன் நீரின் உப்பளவைச் சோதிக்கவேண்டும். உவர்நீரை இன்னும் ஆழத்திலிருந்து இறைக்கக் கடன்படுவதால் உறுப்பினருக்கு என்ன பயன்? அச்சோதனை முடிவுகளை இரு சங்க நிர்வாகக் குழுக்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும், மழைக்காலத்துக்கு முன், ஒன்றாக அமர்ந்து பார்க்கட்டும். சென்னிமலைப் பக்கத்திலேயே இதைத் தொடங்கலாம்.