லைசென்ஸில் ஏறிய கறை எத்தனை காலம்?



சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கு ஏற்றி வந்து ஆரியசாலையில் வண்டி நிறுத்தும் ஓட்டுநர்களில் நம்மவர்கள் கணிசம். என்றோ ஒருநாள் குடித்து ஓட்டிப் பிடிபட்டவர்களும் இவர்களில் உண்டு. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டி, கேஸ் தீர்ந்தது என்று வீடு வந்து சேருகிறார்கள். தீரவில்லை. ஒப்புக்கொண்டு கட்டினால் அது தண்டனைத் தீர்ப்புதான். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் தண்டனை பெற்றவனுக்குக் குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸ் தகுதி போகும் என்கிறது 20-ஆம் பிரிவு. அந்த விவரம் எண்டார்ஸ்மெண்ட் என்ற குறிப்பாக லைசென்ஸிலும் ஏறும். நகல் வாங்கினாலும் புதிது வாங்கினாலும் கூடவே வரும். அதைப் பார்த்த முதலாளி சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறார்.

குடித்து ஓட்டுவதற்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. சாலைத் தெருவில் வண்டி இழுப்பவனும் மூட்டை சுமப்பவனும் நம் சகோதரன்தான். சக்கரம் ஏறினால் அவன்மேல்தான் முதலில் ஏறும். 2,000 ரூபாய் வரை என்றிருந்த அபராதம் 2019 செப்டம்பரிலிருந்து முதல் குற்றத்துக்கே 10,000 ஆயிற்று. இருக்கட்டும். நாம் கேட்பது, திருந்தியவனை எத்தனை காலம் தண்டிப்பது என்பதே.

விடை அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. குறிப்பு ஏறியபின் தொடர்ந்து மூன்று வருஷம் வேறு குறிப்பு ஏறாதவன், பழைய லைசென்ஸை ஒப்படைத்துவிட்டுக் குறிப்பில்லாத லைசென்ஸ் பெற உரிமையுள்ளவன். தகுதி இழந்திருந்த மாதங்கள் மட்டும் கணக்கில் சேரா. இதற்குச் சட்டம் எழுதியிருக்கும் கட்டணம் ஐந்தே ரூபாய்! (கார்டுச் செலவு வேறு.) எந்த ஆபீஸ் சுவரிலும் இதை எழுதி ஒட்டி நாம் பார்த்ததில்லை.

ஆபீஸ் சொல்லாததைப் புரோக்கர் விற்கிறான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் புது லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன், பழையது யாருக்கும் தெரியாது என்று ஆயிரக்கணக்கில் கறக்கிறான். குறிப்பை மறைத்து லைசென்ஸ் வாங்குவது 182-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இன்று மாநிலங்களின் லைசென்ஸ் விவரம் 'சாரதி' என்ற கணினிப் பதிவில் இருக்கிறது. எல்லை தாண்டினால் மறைந்துவிடாது.

லைசென்ஸ் சுத்தமானாலும் கோர்ட் தீர்ப்பு அழியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தண்டனைகள் குறித்த காலத்துக்குப்பின் காலாவதியாக இங்கிலாந்தில் 1974-லேயே சட்டம் செய்தார்கள். வயதுவந்தவர்களுக்கு அப்படியொரு பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. வளைகுடாவுக்கு டிரைவராகப் போக நினைப்பவன் போலீஸ் சான்றிதழுக்கு நிற்கும்போது இது குறுக்கே வரலாம். (ஆனால் குடித்து ஓட்டிய குறிப்பு அங்கே லைசென்ஸில் 11 வருஷம் நிற்கும். அந்த வகையில் நம் சட்டம் இளகிய மனமுடையது.)

அபராதத்தைக் கணக்கிடத் தெரிந்த கணினிக்கு மூன்று வருஷத்தைக் கணக்கிடத் தெரியாதா? தவணை முடிந்ததும் தொழிலாளி அலையாமலே குறிப்பு நீங்க வேண்டும். இதைப் போக்குவரத்து ஆணையருக்கு ஆளுக்கொரு மனுவாக எழுதுவோம், தமிழிலேயே எழுதுவோம். தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது.

அபராதம் கட்டிய கோர்ட் ரசீதையும், லைசென்ஸ் திரும்பக் கிடைத்த தேதியையும் பத்திரமாக வைத்திருங்கள். ரசீது தொலைந்தவர்கள் கேஸ் நம்பரோடு சங்கத்துக்கு வாருங்கள்; நகலுக்கு மனு எழுதித் தருவோம்.