அசோகா வாங்கிய கையோடு கிளம்பிவிடாதீர்கள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பேருந்தில் ஏறினால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்கள். இடையில் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் கால் வைக்க இடமிருக்காது. ஆண்டின் மற்ற நாட்களில் இது சந்தடியில்லாத விவசாய ஊர்.

வெளியூர்க்காரர்கள் தியாகராஜர் சமாதியில் ஒரு கும்பிடு, ஐயாறப்பர் கோயிலில் ஒரு சுற்று, கடைத்தெருவில் அரை கிலோ அசோகா என்று முடித்துக்கொண்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். அசோகாவின் மேல் குறையில்லை. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து, ஓரத்தில் நெய் கக்கும்வரை கிளறி இறக்குகிறார்கள். வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கித் தின்றால் விரலெல்லாம் நெய் மணக்கும். ஆனால் ஊரின் சுவை அந்தக் கடைவாசலோடு முடிந்துவிடுவதில்லை.

சித்திரையில் நடக்கும் ஏழூர்த் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். திருமழபாடியில் நந்திதேவருக்குக் கல்யாணம்; சுற்றுப்பட்ட ஊர்கள் அதற்குச் சீர் அனுப்பின என்பது ஐதிகம். திருச்சோற்றுத்துறை சோறு போட்டது, திருப்பழனம் பழம் தந்தது, திருப்பூந்துருத்தி பூ அனுப்பியது, தில்லைஸ்தானம் நெய் கொடுத்தது, திருவேதிகுடியிலிருந்து வேதியர்கள் வந்தார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் ஐயாறப்பர் மணமக்களோடு பல்லக்கில் ஊர் ஊராகப் போகிறார். திருக்கண்டியூரையும் சேர்த்துக் காவிரியின் இரு கரைகளையும் சுற்றித் திருவையாறு திரும்பியதும், ஒரு பொம்மை சுவாமிக்குப் பூப்போடும். அந்த நொடிக்காகக் கூட்டம் அண்ணாந்து காத்திருக்கும்.

சாமி கல்யாணத்தின் பந்திக் கணக்கையே தங்கள் விளைச்சலால் எழுதிக்கொண்ட ஊர்கள் இவை. இங்கே கோயிலும் சமையலும் வயலை நம்பித்தான் நிற்கின்றன.

அந்த வயலுக்கே நெருக்கடி வந்திருக்கிறது. திருவையாற்றுப் புறவழிச்சாலைக்காக, பயிர் நின்ற நிலத்தில் மண்ணைக் கொட்டியபோது கண்டியூர்ப் பக்கத்து விவசாயிகள் வயலில் இறங்கிப் போராடினார்கள். சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. கதிர் அறுக்கும்வரைகூடக் காத்திருக்க முடியாத அவசரத்தைத்தான் ஏற்க முடியவில்லை. சுற்றுலாவை வளர்க்க நினைப்பவர்கள் முதலில் காக்க வேண்டியது இந்த நிலத்தை.

வருகிறவர்கள் ஓர் இரவாவது தங்க வேண்டும். காலையில் காவிரியின் புஷ்ய மண்டபப் படித்துறையில் குளித்துவிட்டு, ஏழு ஊர்களையும் சைக்கிளிலோ ஆட்டோவிலோ சுற்றலாம். எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சுற்றுலாத் துறை பெரிய விடுதி எதுவும் கட்ட வேண்டாம். ஏழூரையும் இணைத்து ஒரு சிற்றுந்து, படித்துறைகளில் சுத்தமான கழிப்பறை, விருப்பமுள்ள வீடுகளில் மதியச் சாப்பாடு போட அனுமதியும் கொஞ்சம் கடனுதவியும் கிடைத்தால் போதும். அந்த இலையில் விழும் சோறு பக்கத்து வயலில் விளைந்ததாக இருக்க வேண்டும். அதற்கான காசும் அந்த விவசாயியின் கைக்கே போய்ச் சேர வேண்டும்.