நாய்ச் சட்டமும் வெள்ளச் சட்டமும்: சிறு நகர மன்றத்தில் நம் குரல் எங்கே?

சிறு நகரங்களில் மாவட்ட மன்றத்திற்குப் போகும் புகார்களில் இரண்டு ஓய்வதே இல்லை. ஒன்று தெருநாய். மற்றொன்று வெள்ளம். பள்ளிக்கு நடந்து போன பிள்ளையை நாய் துரத்தியது என்று ஒருவர் வருவார். ஒரு மணி நேர மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று இன்னொருவர் வருவார். இரண்டு பேருக்கும் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "சட்டத்தைக் கடுமையாக்குவோம்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடுமையாகும் சட்டம் யார் தலையில் விழுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாய்ச் சட்டம் சாதாரண குடும்பத்தின் மீது விழுகிறது. உரிமம் இல்லையென்றால் மறுநாளே சம்மன் கொடுத்துவிடலாம். வெள்ளத் தடுப்புச் சட்டமோ நிலத்தை மேம்படுத்தும் நிறுவனத்தின் மீதும், அனுமதி கொடுத்த அதிகாரிகள் மீதும், கால்வாயைப் பராமரிக்க வேண்டிய மன்றத்தின் மீதும் விழ வேண்டியது. அதனால்தான் முதல் சட்டம் வேகமாக ஓடுகிறது, இரண்டாவது சட்டம் கோப்புக்குள் உறங்குகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை

மாவட்ட மன்றத்திற்கு அதிகாரம் தருவது 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது 171ஆவது சட்டம். அதன்படி மன்றம் தன் எல்லைக்குள் துணைச் சட்டங்களை இயற்றலாம். மாநில அரசு உறுதிப்படுத்தி அரசாங்கப் பதிவேட்டில் வெளியிட்ட பிறகே அவை செல்லுபடியாகும். துணைச் சட்டத்தை மீறினால் அதிகபட்சம் 2,000 வெள்ளி அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 200 வெள்ளி வரை கூடுதலாக விதிக்கலாம்.

அதனுடன் 1974ஆம் ஆண்டின் சாலை, கால்வாய், கட்டடச் சட்டமும் இருக்கிறது. இது 133ஆவது சட்டம். மழைநீர்க் கால்வாய்களைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு என்று இது சொல்கிறது. மன்றம் ஒப்புதல் தந்த வரைபடம் இல்லாமல் மண் வெட்டவும் கூடாது, கொட்டவும் கூடாது. ஆக, வெள்ளத்தைத் தடுக்கப் புதுச் சட்டம் வந்தால்தான் முடியும் என்ற பேச்சைப் பாதிதான் நம்ப வேண்டும். கையில் இருக்கும் சட்டத்தை யார் மீது, எப்போது பயன்படுத்துகிறார்கள் என்பதே கேள்வி.

நாய்க்கு உரிமம், நாய்க்குத் தோட்டா

நாய் வளர்க்க ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். பல இடங்களில் கட்டணம் பத்து வெள்ளி அளவில்தான். ஆனால் எத்தனை நாய் வளர்க்கலாம் என்பது வீட்டின் வகையையும் மன்றத்தின் விதியையும் பொறுத்தது. தோட்டத்து வீடுகளில் இரண்டு மூன்று நாய்களை அவிழ்த்துவிட்டு வளர்த்துப் பழகியவர்கள் நம்மில் பலர். வரிசை வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வேலி இல்லை, கருத்தடை இல்லை, உரிமமும் இல்லை. குட்டி போட்டால் அட்டைப் பெட்டியில் வைத்துச் சந்தைக்குப் பின்னால் விட்டுவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து, தெருநாய் பெருகிவிட்டது என்று நாமே புகார் செய்கிறோம். இந்தத் தவறை நாம் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

புகார் வந்தால் மன்றம் செய்வது பிடிப்பது அல்லது கொல்வது. 2024 அக்டோபரில் திரெங்கானு, பெசுட்டில் 'கோப்பி' என்று மக்கள் செல்லமாக அழைத்த ஒரு தெருநாய் செத்துக் கிடந்தது. அதைச் சுட்டுக் கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டு நாடு முழுவதும் கொதிப்பைக் கிளப்பியது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி கொடுமை செய்தால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஒரு சட்டம் தெருநாயை அப்புறப்படுத்தச் சொல்கிறது, இன்னொரு சட்டம் வதைக்காதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது, கால்நடை மருத்துவரோ காப்பகமோ இல்லாத சிறு மன்றம்.

பயம் பொய்யில்லை. 2012இல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்று பெயரெடுத்தோம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நோய் திரும்பியது. 2017 ஜூலையில் சரவாக்கில் வெடித்தது. அங்கே பல உயிர்கள் போயின. ஆனால் இந்த நோயைத் தடுக்கும் வழி உலகம் முழுவதும் சோதித்துப் பார்க்கப்பட்டது. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் அறுந்துவிடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கொல்வதால் மட்டும் எண்ணிக்கை குறையாது. நாய்க்குக் கருக்காலம் இரண்டு மாதம்தான். ஒரு தெருவில் பத்து நாய்களை அகற்றினால், அங்கே தீனி இருக்கும் வரை பக்கத்துத் தெரு நாய்கள் வந்து நிரப்பிவிடும்.

நாய் விவகாரம் நம் நாட்டில் சமய உணர்வையும் தொடும். மலாய்க்கார அண்டை வீட்டாரின் சங்கடத்தை நாம் கேலி செய்யக் கூடாது. பிள்ளையைக் கடித்த நாய்க்காக வாதாடவும் கூடாது. ஆனால் பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு விடும் திட்டத்திற்கு மன்றத்தின் வரவு செலவில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்க எல்லா இனத்தாருக்கும் உரிமை உண்டு. அபராதத் தொகையை உயர்த்தும் தீர்மானத்தோடு அந்த ஒதுக்கீடும் வர வேண்டும்.

வெள்ளத்திற்கு யார் பொறுப்பு?

2021 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாட்டுக்கு 610 கோடி வெள்ளி இழப்பு என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. அதெல்லாம் பெரிய நகரத்துக் கதை என்று சொல்லவும் வழியில்லை. 2022 ஜூலை 4இல் கெடா, பாலிங்கில் இனாஸ் மலையிலிருந்து தண்ணீரும் மரமும் சேறுமாக இறங்கி மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. 2023 மார்ச்சில் ஜொகூரின் யொங் பெங், லாபிஸ், சிகாமட் வட்டாரங்கள் மூழ்கின. யொங் பெங் மக்கள் வாரக்கணக்கில் நிவாரண மையங்களில் கிடந்தார்கள்.

இதில் நியாயமாகவும் பேச வேண்டும். மலையில் காடு அழிந்தால் மாவட்ட மன்றம் தடுக்க முடியாது. நிலமும் காடும் மாநில அரசின் கையில். ஆறு பெரும்பாலும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பார்வையில். கூட்டரசு சாலையோரக் கால்வாய் பொதுப்பணி இலாகாவுடையது. புகார் கொடுக்கப் போனால் "அது எங்கள் கால்வாய் இல்லை" என்ற பதில் வருவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஒரு வீடமைப்புத் திட்டத்திற்கு அனுமதி கொடுப்பது மன்றத்தின் கையில் இருக்கிறது. செம்பனைத் தோட்டம் இருந்த இடத்தில் மழைநீரின் ஒரு பகுதியை மண் குடித்தது. அங்கே தாரும் சிமெண்டும் வந்தால் அத்தனை நீரும் நேரே கால்வாய்க்குப் போகிறது. இதற்காகவே வடிகால் நீர்ப்பாசன இலாகா 2000இல் ஒரு கையேட்டைக் கொண்டு வந்து, 2012இல் திருத்தியது. புதுத் திட்டம் வந்த பிறகு வெளியேறும் நீரின் உச்ச அளவு முன்பு இருந்ததை விடக் கூடக் கூடாது, கூடுதல் நீரைத் தேக்கக் குளத்தில் பிடித்து மெதுவாக விட வேண்டும் என்பதே அதன் சாரம். குளம் வெட்டினார்களா, வெட்டிய குளத்தில் தூர் வாரினார்களா, அந்த நிலம் குளமாகவே இருக்கிறதா? சிறு மன்றத்தால் பார்க்கக்கூடிய, பார்க்க வேண்டிய வேலை இது.

புதுத் தாமானை மண் கொட்டி உயர்த்திக் கட்டுகிறார்கள். பழைய மலிவு வீடுகள் பள்ளத்தில் நின்றுவிடுகின்றன. அந்தப் பள்ளத்தில் நம் மக்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

இரண்டும் சேரும் இடம்

நாயும் வெள்ளமும் தனித்தனிப் பிரச்னைகள் என்றுதான் மன்றம் பேசுகிறது. சந்தைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். மூடியில்லாத தொட்டியும் வழிந்து கிடக்கும் குப்பையும் நாய்க்குத் தீனி. அதே குப்பை மழையில் உருண்டு கால்வாய்க்குள் போய் அடைத்துக்கொள்கிறது. குப்பையை ஒழுங்காக அள்ளினால் நாயும் குறையும், தண்ணீரும் ஓடும்.

இங்கேயும் பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. கெடா, ஜொகூர் போன்ற மாநிலங்கள் 672ஆவது சட்டத்தை ஏற்றுக்கொண்டதால், குப்பை அள்ளும் பணி கூட்டரசுக் கழகத்தின் மேற்பார்வையில் குத்தகை நிறுவனங்களிடம் இருக்கிறது. பேராக், சிலாங்கூரில் அது மன்றங்களின் பொறுப்பு. குப்பை லோரி வராத நாளில் யாரைக் கேட்பது என்று பலருக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை போட்டால் 2,000 வெள்ளி வரை அபராதத்துடன் 12 மணி நேரம் வரை சமூக சேவையும் விதிக்கலாம். வரவேற்போம். ஆனால் சிகரெட் துண்டை எறிந்தவர் துடைப்பத்தைத் தூக்க வேண்டும் என்றால், இரண்டு வாரம் குப்பை எடுக்காத குத்தகையாளர் எதைத் தூக்குவார்?

வழக்குப் போடலாமா?

வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் மன்றத்தின் மீது வழக்குப் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஹைலண்ட் டவர்ஸ் வழக்கை நினைவுபடுத்த வேண்டும். 1993 டிசம்பர் 11இல் அந்த அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டார்கள். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 133ஆவது சட்டத்தின் 95ஆவது பிரிவு ஊராட்சி மன்றத்திற்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்று தீர்ப்பளித்தது. நாய் உரிமம் எடுக்காத குடும்பத்திற்கு அந்த மாதிரிப் பாதுகாப்பு எந்தச் சட்டத்திலும் இல்லை. பின்னால் நீதிமன்றத்தில் கேட்பது கடினம் என்றால், முன்னால் மன்றத்தில் கேட்பதுதான் வழி.

தேர்தல் இல்லாத மன்றம்

மன்றத்தில் நமக்காகக் கேட்பவர் யார்? கவுன்சிலர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அந்த ஆண்டே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. நாடு முழுவதும் கருத்துக் கேட்டு 1968இல் அறிக்கை தந்த அந்த ஆணையம், தேர்தல் வழி அமையும் ஊராட்சி மன்றங்களையே பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 171ஆவது சட்டம் நியமன முறையை நிலைநிறுத்திவிட்டது.

இன்று மன்றத் தலைவரைத் தவிர 8 முதல் 24 கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. தவணை மூன்றாண்டுக்கு மேற்படாது. நியமனம் கட்சிப் பங்கீட்டில் போகிறது என்பது ஊரறிந்த விஷயம். உள்ளாட்சித் தேர்தல் திரும்ப வருமா என்பது வேறு விவாதம். அது வரும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், 171ஆவது சட்டத்தின் 23ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். மன்றத்தின் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய யாரும் போய் உட்காரலாம். செயற்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. நம் ஆலயங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், குடியிருப்போர் சங்கங்கள் மாதம் இரண்டு பேரை அனுப்பினால் போதும். அங்கே எழுந்து பேச முடியாவிட்டாலும், யார் எதைப் பேசினார்கள் என்று ஊருக்குத் தெரியும்.

இரண்டாவது, உள்ளூர் மேம்பாட்டுத் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வரும்போது ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்த நிலம் வீடாகும், எந்த நிலம் குளமாக இருக்கும் என்பது அங்கேதான் முடிவாகிறது. கண்காட்சி முடிந்த பிறகு எழும் கோபத்துக்கு மதிப்பில்லை.

மூன்றாவது, கால்வாய் அடைப்பைப் புகாராகக் கொடுக்கும்போது படம், தேதி, புகார் எண் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் திட்டுவது புகார் ஆகாது. அடுத்த வெள்ளத்தில் "யாரும் சொல்லவில்லை" என்று சொல்ல முடியாதபடி செய்வது இந்தக் காகிதம்தான்.

நான்காவது, நம் வீட்டு நாய்க்கு உரிமம் எடுப்போம், கருத்தடை செய்வோம், கட்டிப்போட்டு வளர்ப்போம். கால்வாயில் நாம் ஒரு பையும் போடாமல் இருப்போம். நம் கை சுத்தமாக இருந்தால்தான் மன்றத்தைப் பார்த்துக் கேட்க முடியும்.

ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். பிப்ரவரி கடைசியில் ஒன்று, ஆகஸ்டு கடைசியில் ஒன்று. அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் போவோம். நாய்க்கு அபராதம் எவ்வளவு என்று அவர்கள் சொல்லட்டும். நம் தெருக் கால்வாயைக் கடைசியாக எந்தத் தேதியில் தூர் வாரினார்கள் என்று நாம் கேட்போம்.