எரிபொருள் தானாகத் தீர்வதில்லை

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம், விமான விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிப்பது. விமானம் ஓட்டத் தெரியாத குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். இருப்புக் கணக்கு எழுதியவனுக்கு இதில் நிறையவே வேலை இருக்கிறது.

வண்டி வழியில் பெட்ரோல் இல்லாமல் நின்றால் பிரெஞ்சில் 'பான் செஷ்' என்பார்கள். வறண்ட பழுது என்று பொருள். பிரெஞ்சில் படித்தவன் நான், அந்த மொழி மீது பிரியமும் உண்டு. ஆனாலும் சொல்கிறேன், அது பொய்ச்சொல். எதுவும் பழுதாகவில்லை. எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. ஊற்ற வேண்டியவர் ஊற்றவில்லை.

சிறிய தனியார் விமானம் எரிபொருள் தீர்ந்து வயலிலோ நெடுஞ்சாலையிலோ இறங்கினால், விமானிக்குப் பாராட்டு மழை. சாமர்த்தியமாக இறக்கினாராம். தானே தீ வைத்துவிட்டுத் தானே அணைத்தவருக்கு நாம் மாலை போடுவோமா?

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை, எரிபொருளைச் சரிவரக் கவனிக்காததால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள். எரிபொருள் அமைப்பில் கோளாறு இருந்தவை 5 சதவீதத்துக்கும் குறைவு. மாணவ விமானிகள் சிக்கியவை வெறும் 2 சதவீதம். ஏறக்குறைய பாதி விபத்துகளில் ஓட்டியவர்கள் தொழில்முறை உரிமம் பெற்றவர்கள்! மாணவர்கள் பறப்பது குறைவு, மேற்பார்வையும் உண்டு என்பது சரிதான். ஆனாலும் அனுபவம் இங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

பாடகர் ஜான் டென்வரின் கதையைப் பாருங்கள். 1997 அக்டோபர் 12, கலிபோர்னியா. புதிதாக வாங்கிய சிறு விமானம். ஒரு டாங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கைப்பிடி அவரது இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. கை எட்டாது என்பது தரையிலேயே தெரிந்துவிட்டது. எரிபொருள் வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார். வானில் அந்தக் கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது விமானம் கட்டுப்பாடு இழந்து கடலில் விழுந்தது என்பது வாரியத்தின் முடிவு. கைப்பிடியை அங்கே வைத்தவர் மீதும் வாரியம் குறை சொன்னது. நியாயம். ஆனால் டாங்கியை நிரப்பியிருந்தால் அந்தக் கைப்பிடியைத் தொடவே வேண்டியிருந்திருக்காது.

நாலு பேர் ஏறினால் டாங்கியை நிரப்ப முடியாது, எடை தாங்காது என்று விமானிகள் வாதிடுவார்கள். உண்மைதான். அப்படியானால் நடுவழியில் இறங்கி நிரப்புங்கள். அரை மணி தாமதமானால் என்ன குடி முழுகிவிடும்?

கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானங்களுக்கு, போய்ச் சேரும் இடத்துக்கு மேல் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கக் கையிருப்பு வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அது குறைந்தபட்சம். செலவழிக்கக் கொடுத்த அலவன்ஸ் அல்ல. எதிர்க்காற்று அடித்தால் உங்கள் கணக்கெல்லாம் காற்றோடு போய்விடும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். அலமாரியில் இருந்தது வெறும் காகிதக் கட்டுதான். அதற்கே அவ்வளவு கறார். உயிரோடு நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர், இறக்கை மேல் ஏறி அளவுகோலை விட்டுப் பார்க்க மாட்டாரா? முள் காட்டுவது பதிவேடு. குச்சி காட்டுவதே இருப்பு.