கடல் மீனுக்குக் கணக்கு எழுதுவது யார்?

கனடா நாட்டின் கிழக்குக் கோடியில் நியூபவுண்ட்லாந்து என்றொரு பெரிய தீவு இருக்கிறது. 1992ம் ஆண்டு ஜூலை 2ந் தேதி அத்தீவின் தலைநகரில் கனடா சர்க்காரின் மீன்வள மந்திரி ஜான் கிராஸ்பி ஓர் அறிவிப்பை வெளியிட்டார். வடகடல் காட் மீனை இனி யாரும் பிடிக்கக் கூடாது, இரண்டு ஆண்டுகளுக்குத் தடை என்பதே அது. படகுக்காரர்களும் மீன் பதனிடும் ஆலைகளின் தொழிலாளர்களுமாகச் சுமார் 30,000 பேர் அந்த அறிவிப்பால் பிழைப்பை இழந்தனர். கனடாவின் சரித்திரத்தில் ஒரே அடியாக இத்தனை பேர் வேலை இழந்தது அதற்கு முன் இல்லை.

காட் மீனை நம் வாசகர்களும் அறிவார்கள். குழந்தைகளுக்குப் புகட்டும் மீன் எண்ணெய் அதன் ஈரலிலிருந்து எடுப்பதுதான். ஐந்நூறு ஆண்டுகளாக அந்தத் தீவு மக்களுக்குச் சோறு போட்ட மீன் அது. அப்படிப்பட்ட மீன் எங்கே போயிற்று? சர்க்காரிடம் விஞ்ஞானிகள் இருந்தார்கள்; ஆராய்ச்சிக் கப்பல்கள் இருந்தன; ஆண்டு தோறும் கணக்கும் எழுதப்பட்டது. இத்தனையும் இருந்தும் கடல் காலியானது எப்படி? இதைத்தான் நாம் கேட்க விரும்புகிறோம்.

முதலில் சரித்திரத்தைப் பார்ப்போம். தூண்டிலும் கரையோர வலையும் மட்டும் இருந்த காலத்தில் ஆண்டுக்குப் பெரும்பாலும் 3 லட்சம் டன்னுக்கு மிகாமலே மீன் பிடிபட்டது. 1954ல் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் 'பேர்ட்ரை' என்ற கப்பல் வந்தது. வலையை இழுப்பது, மீனை அறுப்பது, உறைய வைப்பது எல்லாம் ஒரே கப்பலில் நடந்தன. கப்பல் அல்ல, மிதக்கும் ஆலை! அதன் பின்னே மேற்கு ஜெர்மனி, ஸ்பெயின், போர்ச்சுகல் கப்பல்கள் வந்தன. சோவியத் கப்பல்களும் வந்தன. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வலைக்கு மேலே எந்தக் கொடி பறக்கிறது என்று மீனுக்குத் தெரியாது. 1968ல் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் வாரப்பட்டது. அடுத்த பத்தாண்டில் மீன் மளமளவென்று குறைந்தது.

1977ல் கனடா சர்க்கார் கரையிலிருந்து 200 மைல் வரையுள்ள கடலைத் தன் அதிகாரத்தின்கீழ் கொண்டு வந்தது. அன்னியக் கப்பல்கள் பெரும்பாலும் வெளியேறின. தீவு மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் நடந்தது என்ன? அன்னியரின் இழுவைக் கப்பல்கள் போன இடத்தில் சுதேசி முதலாளிகளின் இழுவைக் கப்பல்கள் வந்து நின்றன. 1984ல் சர்க்காரே ஏற்பாடு செய்து, நொடித்துப் போன கம்பெனிகளை ஒன்று சேர்த்து இரண்டு பெரிய கம்பெனிகளை நிமிர்த்தியது. மீனை எண்ணுகிற சர்க்காரே மீன் வியாபாரத்தில் பணமும் போட்டது. கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அந்தக் கணக்கின் சூட்சுமத்தை வாசகர்கள் புரிந்து கொள்ள வேண்டும். கடலுக்குள் இருக்கும் மீனை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆகவே இரண்டு வழிகளில் மதிப்பிட்டார்கள். ஆராய்ச்சிக் கப்பல் கடலில் பல இடங்களில் குலுக்கல் முறைப்படி வலை இழுத்துப் பார்ப்பது ஒரு வழி. கம்பெனிக் கப்பல்களுக்கு மணிக்கு எத்தனை டன் கிடைக்கிறது என்று பார்ப்பது மற்றொரு வழி. ஆராய்ச்சிக் கப்பலின் கணக்கு குறைவாகவும், கம்பெனிக் கப்பல்களின் கணக்கு அதிகமாகவும் வந்தன. அதிகாரிகள் இரண்டையும் கலந்து ஒரு நடுத்தொகையைப் பிடித்துக் கொண்டார்கள்.

நம் ஊர் ஏரியை நினைத்துப் பாருங்கள். கோடையில் ஏரி வற்றும்போது மீன் எல்லாம் நடுக்குழியில் சேர்ந்துவிடும். குழியில் வலை போடுகிறவனுக்குக் கூடை நிறையும். அதைக் கண்டு ஏரி நிறைய மீன் இருக்கிறது என்று எழுதலாமா? காட் மீனும் எண்ணிக்கை குறையக் குறைய ஒரே இடத்தில் கூட்டம் கூடியது. ஒலிக்கருவி வைத்திருந்த கம்பெனிக் கப்பல்கள் அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்தன. கடைசி மீன் வரையில் அவற்றுக்கு நல்ல பாடு கிடைத்துக் கொண்டுதான் இருந்தது!

கரையோர மீனவரின் நிலை வேறு. அவர் மீனைத் துரத்துவதில்லை. பெட்டி போல வலையைக் கட்டி நிறுத்திவிட்டு, கோடையில் மீன் தானே வருவதற்குக் காத்திருப்பார். கடலில் மீன் குறைந்தால் அவர் வலைதான் முதலில் சொல்லும். 1980களின் நடுவிலேயே அந்த வலைகள் சொல்லிவிட்டன. மீன் குறைகிறது, கிடைப்பதும் சிறுத்துப் போகிறது என்று மீனவர்கள் முறையிட்டார்கள். அவர்களுடைய சங்கம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மூவரைக் கொண்டு 1986ல் சர்க்கார் கணக்கைப் பரிசீலிக்கச் செய்தது. இருப்பு மிகையாக எழுதப்பட்டிருக்கிறது என்று அவர்கள் கூறினர். 1989ல் சங்கம் கோர்ட்டுக்கும் போனது, பலிக்கவில்லை.

அதே 1989ல் சர்க்காரின் சொந்த விஞ்ஞானிகளே கணக்கைத் திருத்தினார்கள். அவ்வாண்டு 1,25,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று ஆலோசனை கூறினர். மந்திரி அனுமதித்ததோ 2,35,000 டன்! அளவைக் குறைத்தால் ஆலைகள் மூடப்படும், தொழிலாளர்களுக்கு வேலை போகும் என்பது சொல்லப்பட்ட காரணம். தொழிலாளர் பெயரைச் சொல்லி எடுத்த அந்த முடிவுக்குப் பின் மூன்றே ஆண்டுகளில் ஆலையும் மூடியது, வேலையும் போனது. முட்டையிடும் பருவத்து மீன்களில், 1960களில் இருந்ததில் சுமார் நூற்றில் ஒரு பங்கே மிஞ்சியிருந்தது. தண்ணீரிலிருந்து மீனை எடுத்தது நான் அல்ல என்று மந்திரி மீனவர்களிடம் சொன்னார். அடுத்த பத்தாண்டில் தீவின் ஜனத்தொகையில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. இளைஞர்கள் வேலை தேடிக் கிளம்பிவிட்டார்கள்.

கடல் குளிர்ந்துவிட்டது, கடல்நாய்கள் தின்றுவிட்டன என்று இயற்கையின் மேல் பழி போட்டவர்களும் உண்டு. அந்த ஆண்டுகளில் கடல் குளிர்ந்தது உண்மைதான். ஆனால் ஐந்நூறு ஆண்டுகளில் கடல் எத்தனையோ முறை குளிர்ந்திருக்கிறது, மீன் அழியவில்லை. அளவுக்கு மீறிப் பிடித்ததே பிரதான காரணம் என்று ஜெப்ரி ஹட்சிங்ஸ், ரான்சம் மையர்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1994ல் எடுத்துக் காட்டினார்கள். 1997ல் ஹட்சிங்ஸ் வேறு இருவருடன் சேர்ந்து, சர்க்கார் இலாகாவுக்குள் விஞ்ஞானிகளின் வாய் எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் எழுதினார். ஆகவே விஞ்ஞானம் தோற்றது என்று சொல்வது தவறு. விஞ்ஞானத்தை மந்திரியின் மேஜை டிராயருக்குள் பூட்டி வைத்த முறைதான் தோற்றது.

இரண்டு ஆண்டு என்று சொன்ன தடை, கரையோரத்தில் சிறு அளவு மீன்பிடிப்பு நீங்கலாக, 32 ஆண்டு நீடித்தது. 2024 ஜூனில் 18,000 டன் அளவுடன் கடலைத் திறந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு, மீன் ஆபத்தான நிலையைத் தாண்டிவிட்டதாக அறிவித்திருந்தார்கள். மீன் திடீரென்று பெருகிவிட்டதா? இல்லை. கணக்கிடும் முறை மாறியது. ஆபத்தின் எல்லைக்கோடு கீழே இறங்கியது. திறந்ததும் இழுவைக் கப்பல்களுக்கும் பங்கு ஒதுக்கினார்கள். முதல் 1,15,000 டன் கரையோர மீனவர்களுக்கும் பூர்வகுடி மக்களுக்குமே என்ற பழைய வாக்குறுதி என்னவாயிற்று என்று மீனவர் சங்கம் எதிர்ப்புக் குரல் எழுப்பியது. அது நியாயமான குரல் என்பதே நம் கருத்து.

மீன்வள ஆராய்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்னும் அதிகமாக, இன்னும் பகிரங்கமாக வேண்டும் என்கிறோம். மந்திரி முடிவு எடுக்கும் முன்பே விஞ்ஞானிகளின் கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். கரையோர வலையில் விழுவதும் விழாததும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். இரண்டு கணக்குகள் முரண்பட்டால் நடுத்தொகை பிடிக்காமல் குறைந்த தொகையையே ஏற்க வேண்டும். கணக்குத் தப்பினால் முதலாளி தன் பணத்தை வேறு தொழிலில் போட்டுக் கொள்வான். மீனவனுக்கு வேறு கடல் கிடையாது. கணக்கு எழுதும் இடத்தில் அவனும் உட்கார்ந்தாக வேண்டும்.