ஸ்பேனியலுக்கு மொட்டை போடலாமா?

போன வாரம் கேன்டீனில் ஒரு பஞ்சாயத்து. எங்க வகுப்பில் ஒருத்தி வீட்டில் காக்கர் ஸ்பேனியல் குட்டி வாங்கியிருக்கிறார்கள். "வெயில் வந்தா முடியை முழுசா வழிச்சுடலாமா, இல்ல நீளமா விட்டுடலாமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். டேபிளில் பாதிப் பேர் மொட்டைக் கட்சி, மீதிப் பாதி முடிக் கட்சி. டீ ஆறிப்போகும் வரைக்கும் சண்டை. பொதுவாக எல்லா விஷயத்திலும் மூக்கை நுழைக்கும் நான் அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. காரணம், நான் இரண்டு கட்சியிலும் இருந்து இரண்டிலும் டெபாசிட் இழந்தவள்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். நாய் வளர்க்காதவர்களும் கடைசி வரை படிக்கலாம், கொஞ்சம் கணக்குப்பதிவியலும் வரும். பயப்படாதீங்க, கொஞ்சம்தான்.

முதலில் எங்க வீட்டுக் கதை. 2018இல், நான் எட்டாவது படிக்கும்போது, ரோசி திருச்சிக்கு வந்தாள். தேன் நிறம். காது இரண்டும் தட்டில் இருக்கும் பாலில் நனைந்துகொண்டே இருக்கும். ஒரு வயதுக்குள் காதிலும் நெஞ்சிலும் காலிலும் முடி அருவி மாதிரி இறங்கிவிட்டது. தெருவில் கூட்டிக்கொண்டு போனால் சைக்கிளில் போகிறவர்கள்கூட இறங்கிப் பார்ப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. "இந்த முடியில ஒரு இஞ்ச்கூட வெட்டக்கூடாது" என்று வீட்டில் சட்டம் போட்டேன். அப்பாயி மட்டும், "ஏன் பாப்பா, இம்புட்டு வெக்கையில அதுக்குப் போர்வையைப் போத்தி விட்டிருக்கியே, பாவமில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சட்டம் போட்டவள் 2023இல் காலேஜில் சேர சென்னைக்கு வந்துவிட்டேன். தினமும் சாயந்திரம் இருபது நிமிஷம் ரோசிக்குச் சீவிவிட்டது நான்தான். அந்த வேலை அம்மா தலையில் விழுந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். ஆனாலும் "முடியை வெட்டாதீங்கம்மா" என்று நான் ஹாஸ்டலில் இருந்து வீடியோ காலில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். கேமராவில் பார்க்க ரோசி அழகாகத்தான் இருந்தாள்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், வயிற்றுக்குக் கீழே, எல்லாம் சிக்கு. சிக்கு என்றால் சீப்புக்கு மசியும் சிக்கு இல்லை, கம்பளித் துண்டு மாதிரி கெட்டியானது. மேலே பட்டு, அடியில் சாக்கு. கால்நடை மருத்துவர் ஒவ்வொன்றாக மெஷினால் எடுத்தபோது ஒரு சிக்குக்கு அடியில் தோல் ஈரமாகப் புண்ணாகியிருந்தது. விரல் இடுக்கில் உண்ணி. காதைத் திருப்பினால் நாற்றம், உள்ளே பழுப்பாக அழுக்கு. அவள் அடிக்கடி தலையை உதறுவதை, பட்டாசுச் சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்திருந்தோம்.

முடிக் கட்சிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சிக்கு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. அது இறுக இறுகத் தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். நம் தலைமுடியை ரப்பர் பேண்டில் இறுக்கிக் கட்டி ஒரு மாதம் அவிழ்க்காமல் விட்டால் எப்படி இருக்கும், அதுதான். அடியில் காற்று போகாது, குளித்த ஈரம் காயாது. ஸ்பேனியல் காது கனமாகத் தொங்குவதால் காதுத் துளை ஏற்கெனவே மூடிக் கிடக்கிறது. அதன் மேல் முடியும் அடைத்தால் சூடும் ஈரமும் சேர்ந்து பூஞ்சைக்கு விருந்து. காது நோய் அடிக்கடி வரும் இனங்களில் காக்கரும் ஒன்று என்பதை எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

இனி மொட்டைக் கதை. 2024 ஏப்ரல். எனக்கு செமஸ்டர் பரீட்சை. திருச்சியில் வெயில் கொளுத்துகிறது. சிக்கு எடுத்து எடுத்து அம்மா களைத்துப்போக, அப்பா ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஒட்ட அடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டார். முதுகு, வயிறு, கால், எல்லாம் தோல் தெரிகிற அளவுக்கு. சமயபுரத்தில் மொட்டை போட்டால் நமக்குச் சந்தனமாவது பூசுவார்கள். ரோசிக்கு அதுவும் இல்லை. இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள் என்று அம்மா சொன்னாள். மூன்றாம் நாள் மதியம் மொட்டைமாடிக்கு ஓடி வெயிலில் படுத்துவிட்டாள். சாயந்திரம் முதுகுத் தோல் சிவந்துபோயிருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாமெல்லாம் உடம்பு முழுக்க வியர்த்துக் குளிர்கிறோம். அதனால் சட்டையைக் கழற்றினால் நமக்குச் சுகம். நாய் அப்படி இல்லை. அதற்கு அந்த மாதிரி வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான், அதுவும் பேருக்குத்தான். முக்கியமாக நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறது. முதுகு முடியை வழித்தாலும் அந்தத் தோலில் வியர்வை வரப்போவதில்லை. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 38, 39 டிகிரி செல்சியஸ். வெளியே 40 என்றால் சூடு உடம்பிலிருந்து வெளியே போகாது, வெளியே இருந்து உள்ளேதான் வரும். அப்போது முதுகில் இருக்கும் சுத்தமான, சிக்கில்லாத முடி ஒரு கீற்றுக் கொட்டகை மாதிரி. கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு "இனி காத்து நல்லா வரும்" என்று சொன்ன கதைதான் எங்க அப்பா செய்தது. (அப்பா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்.)

அடுத்த பிரச்சினை, முடி திரும்ப முளைத்தபோது. காக்கருக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே படிந்து கிடக்கும் பளபளப்பான முடி, அடியில் மெத்தென்ற முடி. ஒட்ட வழித்த பிறகு ரோசியின் முதுகில் அந்தப் பளபளப்பு திரும்பவில்லை. பஞ்சு மாதிரி, சுருட்டையாக, மங்கலான நிறத்தில் வந்தது. நான் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஜனவரியில்தான் அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்திருந்தோம். அதற்குப் பிறகும் ஸ்பேனியல்களுக்கு முடி இப்படிப் பஞ்சாக மாறுவது உண்டு என்று டாக்டரம்மா சொன்னார். இரண்டில் எது குற்றவாளி என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: பஞ்சு முடி முன்பைவிட வேகமாகச் சிக்குப் பிடிக்கிறது. பக்கத்துக் காலி மனையில் ஒரு சுற்று போய் வந்தால் நாயுருவி விதை முழுக்க அவள் மேல்தான். பெயரிலேயே நாய் இருப்பதால் உரிமை எடுத்துக்கொள்கிறது போல :-)

இதில் வேடிக்கை என்னவென்றால், நீள முடியைக் கொண்டாடும் நாய்க் கண்காட்சி உலகமே இந்த விஷயத்தில் நிதானமாக இருக்கிறது. அமெரிக்கன் கென்னல் கிளப் காக்கருக்கு வைத்திருக்கும் இன இலக்கணத்தில், அளவுக்கு மிஞ்சிய முடியும் சுருட்டையான பஞ்சு முடியும் பெரிய குறைகள். முதுகு முடியில் மின்சார மெஷின் போடுவதும் விரும்பத்தக்கதல்ல என்று இருக்கிறது. கைதேர்ந்தவர்கள் முதுகில் மெஷினுக்குப் பதில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் செத்த முடியை மட்டும் பிடுங்கி எடுக்கிறார்கள். முடி உதிரத் தயாராக இருக்கும் சமயத்தில் செய்தால் வலிக்காது, பளபளப்பும் போகாது. நேரம்தான் பிடிக்கும்.

"நீள முடிதானே அதோட இயற்கை?" என்று முடிக் கட்சி கேட்கும். பாதிதான் உண்மை. காக்கர் புதருக்குள் நுழைந்து பறவையைக் கிளப்பிவிட வளர்க்கப்பட்ட வேட்டைத் துணை. வுட்காக் என்ற பறவையை வைத்துத்தான் அந்தப் பெயரே வந்தது. முள்ளிலிருந்து வயிற்றையும் காலையும் காக்க ஓரளவு முடி வேண்டும். தரையைக் கூட்டுகிற பாவாடை வேண்டாம். இன்றைக்கும் வேட்டைக்கு வளர்க்கும் காக்கர்களுக்கு முடி குறைவு. 1940லும் 1941லும் நியூயார்க் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய மை ஓன் ப்ரூசி என்ற கறுப்புக் காக்கரின் படத்தைத் தேடிப் பாருங்கள். இன்றைய மேடைக் காக்கர்களின் முடியில் கொஞ்சம்தான் அவனுக்கு. அமெரிக்கக் காக்கரும் ஆங்கிலக் காக்கரும் வேறு வேறு இனம் என்று அமெரிக்கன் கென்னல் கிளப் 1946இல் பிரித்தது. அந்த அமெரிக்க வகைக்குத்தான் முடி மேலும் மேலும் கூடியது. ஆக, நாம் இயற்கை என்று சொல்வதில் பாதி மனிதன் ரசித்து வளர்த்த ஃபேஷன்.

சரி, கணக்குக்கு வருவோம். முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று பிளஸ் ஒன்னில் படித்தோமே, ஞாபகம் இருக்கா? மெஷின் வாங்குவது முதலினச் செலவு. அதற்கு எண்ணெய் போடுவது வருவாயினச் செலவு. நீள முடியை நான் ஒரு சொத்தாகவே பார்த்தேன். ஒருமுறை வளர்ந்துவிட்டால் போதும், அழகு நிரந்தரம் என்ற நினைப்பு. உண்மையில் அது தினமும் இருபது நிமிஷம் கேட்கிற வருவாயினச் செலவு. ஒருநாள் கட்டாவிட்டால் மறுநாள் வட்டியோடு சேரும். என் கணக்கில் இன்னும் பெரிய பிழை ஒன்று இருந்தது. பெருமையை என் பேரில் வரவு வைத்துவிட்டு, செலவை அம்மா பேரில் பற்று வைத்திருந்தேன். அம்மாவால் கட்ட முடியாதபோது மீதியைக் கட்டியது ரோசியின் தோல்.

அதனால் என் கட்சி இதுதான்: முடியின் நீளத்தைத் தீர்மானிக்கும் உரிமை சீப்பு பிடிக்கிற கைக்கு மட்டும்தான். தினமும் சீவ ஆள் இருந்தால் நீளமாக வையுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. வாரத்துக்கு ஒருநாள்தான் முடியும் என்றால் அந்த அளவுக்குக் குறையுங்கள். ஆனால் குறைப்பது வேறு, வழிப்பது வேறு.

எங்க வீட்டில் இப்போது நடப்பது: முதுகில் மெஷின் கிடையாது, சீப்பு மட்டும். காதின் உள்பக்கத்திலும் துளையைச் சுற்றியும் ஒட்ட எடுத்துவிடுகிறோம், காற்று போகட்டும். வயிற்றில் குட்டையாக. மொசைக் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுக்கும்போது அந்தக் குளிர்ச்சி நேராகத் தோலுக்குப் போகிறது. அப்பாயி சொன்னதில் இவ்வளவு உண்மை இருந்தது. விரல் இடுக்கிலும் பாதத்துக்கு அடியிலும் சுத்தமாக, உண்ணி ஒளிய இடம் இருக்கக் கூடாது. கால் முடியும் நெஞ்சு முடியும் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இது. குளிப்பாட்டுவதற்கு முன்னால் சிக்கு எடுக்க வேண்டும், நனைந்த சிக்கு இன்னும் இறுகும். உண்ணிக்கு டாக்டர் சொன்ன மருந்து தனி, முடி வெட்டுவது அதற்கு மாற்று இல்லை. காதுக்குப் பின்னால் தேட அப்பாயியின் பழைய பேன் சீப்பை விட நல்ல கருவி இதுவரை கிடைக்கவில்லை.

அம்மா இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, ரோசியை ஸ்டூலில் ஏற்றி, வாரத்தில் மூன்று நாள் பத்து நிமிஷம் சீவுகிறாள். தெருவில் யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. "ஏங்க, நாய்க்கு முடியெல்லாம் கொட்டிப் போச்சா?" என்று எதிர்வீட்டு மாமா துக்கம் விசாரித்தாராம்.

கேன்டீன் தோழிக்கு: குட்டி வந்த இந்த மாதத்திலேயே சீப்பைப் பழக்கிவிடு. வெட்டுவதா வேண்டாமா என்பதை ஒரு வருடம் கழித்து, உங்க வீட்டில் யார் சீவுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மொட்டைக் கட்சிக்காரர்கள், முடிக் கட்சிக்காரர்கள் இருவரும் வந்து திட்டலாம். பரீட்சை முடிந்ததும் பதில் சொல்கிறேன்.

பி.கு: சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். சிக்கு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நான் ஒருமுறை முயற்சி செய்து, அவள் கத்திய கத்தலில் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன். நல்லவேளை, ரத்தம் வரவில்லை.