தங்கவயல் செத்த ஊராம்! சொல்வது யார்?

போன மாதம் பாலக்கோட்டில் ஒரு டீக்கடையில் பேச்சு கோலார் தங்கவயல் பக்கம் திரும்பியது. மாங்காய் மண்டியில் கணக்கெழுதும் ஒருவர் சொன்னார்: "அங்கே இன்னமும் மனுஷங்க இருக்காங்களா? சுரங்கம் மூடியாச்சு, ஊரும் செத்தாச்சு. எதுக்கு அந்த ஓட்டை வீட்டைக் கட்டிக்கிட்டு அழறாங்க?"

கெட்ட மனிதர் அல்ல அவர். மாதக் கடைசியில் நம்மைப் போலவே கைமாற்று வாங்குகிறவர்தான். ஆனால் அவர் வாயில் வந்த பேச்சு அவருடையதல்ல. மேலிடத்தில் உருவாகி, பத்திரிகை வழியாக இறங்கி, கடைசியில் ஏழை வாயில் வந்து நிற்கிற பேச்சு அது. ஆகவே அந்தப் பேச்சுக்குத்தான் பதில் சொல்கிறேன், அந்த மனிதருக்கு அல்ல.

தோழர்களே, தங்கவயல் நமக்கு அந்நியமான ஊரா? கிருஷ்ணகிரிக்கு வடக்கே எல்லையைத் தாண்டினால் எட்டிவிடும் தூரம். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே இறங்கியபோது, பாறையை உடைக்கக் கை தேவைப்பட்டது. அந்தக் கை எங்கிருந்து போயிற்று? வடஆற்காட்டிலிருந்தும், தர்மபுரியும் சேர்ந்திருந்த பழைய சேலம் ஜில்லாவிலிருந்தும் போயிற்று. 1876-78 பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் மிஞ்சிய குடும்பங்கள் அவை. பெரும்பாலோர் சேரி ஜனங்கள். பண்ணையாரின் களத்துமேட்டில் இடுப்புத் துண்டோடு நிற்பதைவிடப் பூமிக்குள் இறங்குவது மேல் என்று இறங்கினார்கள். 120 ஆண்டில் 800 டன்னுக்கு மேல் தங்கம் மேலே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்தது. பெங்களூருக்குக்கூட அப்போது வரவில்லை. மின்சாரம் யாருக்காக வந்தது? இயந்திரத்துக்காக! தோண்டினவன் தட்டி வைத்த குடிசையில் இருந்தான்.

அவன் வாய்மூடி இருந்தானா என்றால், இல்லை. திருடனைப் பதிவதுபோல் கைரேகை பதியச் சொன்னபோது, 1930-ல் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். 1946-ல் போலீஸ் சுட்டது. ஆறு தொழிலாளர் உயிர் விட்டார்கள். கேஜிஎஃப் என்று 2018-ல் ஒரு சினிமா வந்தது. நம் பையன்களுக்கு அந்தக் கதாநாயகனின் தாடி தெரிகிறது. இந்த ஆறு பேரைத் தெரியவில்லை.

இப்போது 'நட்டம்' என்ற கதைக்கு வருவோம். 1956-ல் மைசூர் சர்க்கார் சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய சர்க்கார் கைக்கு மாறியது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆயிற்று. 2001 பிப்ரவரி 28-ல் இழுத்து மூடினார்கள். காரணம்? நட்டமாம்! தாது மெலிந்தது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசிக் காலத்தில் சுமார் மூன்று நான்கு கிராம்தான். ஆனால் கொழுப்பை வழித்துத் தின்றவன் யார்? லண்டன் பங்குதாரன். எலும்பைச் சூப்பும் நேரத்தில் வந்த நம் சர்க்கார், எடுத்த தங்கத்தைப் பல காலம் உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்க விடவில்லை. அதைவிடக் குறைந்த சர்வதேச விலைதான் கணக்கில் ஏறிற்று. நெல்லைப் பாதி விலைக்கு அளக்கச் சொல்லிவிட்டு, 'உன் நிலம் நட்டம்' என்று சொன்னால் எந்தக் குடியானவன் ஒப்புவான்?

இன்னொரு கணக்கும் உண்டு. மூடிய மாதத்தில் லண்டனில் ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 260 டாலர். 2011-ல் 1,800-ஐத் தாண்டியது, 2024-ல் 2,500-ஐத் தாண்டியது. பத்து வருஷம் பொறுக்காதவர்கள் சுரங்கத்தின் பம்புகளை நிறுத்தினார்கள். நூறு வருஷ உழைப்பில் குடைந்த சுரங்கம் தண்ணீரில் முழுகிற்று.

மில் தொழிலாளிகளே, இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டும் அன்றைக்கும் இதே 'நட்டம்' என்ற சொல்தான் அதில் இருக்கும். விற்ற விலை என்ன, யாருக்கு விற்றாய் என்பது அதில் இருக்காது.

சரி, ஊர் செத்ததா? நான் போய்ப் பார்த்தேன். என் சித்தி மகன் அங்கே இருக்கிறான். விடியுமுன் எழுந்து மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறான். அந்த ரயிலில் ஆயிரக்கணக்கானோர் தினமும் பெங்களூர் போய்க் காவல் வேலை, கட்டட வேலை, ஆஸ்பத்திரி வேலை, கம்பெனி வேலை பார்த்து, இருட்டிய பின் திரும்புகிறார்கள். நின்றுகொண்டே தூங்குகிறவர்களை அன்றுதான் நான் பார்த்தேன். பாட்டன் பூமிக்குள் இறங்கினான், பேரன் ரயிலுக்குள் ஏறுகிறான். பெங்களூரின் உயரமான கட்டடங்களைத் துடைத்து, காத்து, நிமிர்த்தி வைக்கிற ஊர் எப்படிச் செத்த ஊராகும்?

அப்படியானால் பெங்களூருக்கே குடிபோகலாமே என்கிறார்கள். அட்வான்ஸ் யார் கொடுப்பது? வாடகை யார் கொடுப்பது? லைன் வீட்டின் சுவர் ஈரம் காத்தாலும், பிணம் விழுந்தால் தூக்க நாலு பேர் அங்கே இருக்கிறார்கள்.

இதே பேச்சைக் கடல் கடந்தும் பேசினார்கள். பிரிட்டனின் மேற்கில் வேல்ஸ் என்றொரு நாடு, அங்கே பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு நிலக்கரிக் கிராமங்கள். மலைச்சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். நம் தங்கவயல் லைன்களைப் பார்த்தவனுக்குப் பழகிய காட்சி. 1984-85-ல் தாட்சர் அரசை எதிர்த்து அந்த ஜனங்கள் ஒரு வருஷம் பட்டினி கிடந்து வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள், சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. டவர் என்ற சுரங்கத்தை 1994 ஏப்ரலில் 'இலாபமில்லை' என்று மூடினார்கள். என்ன செய்தார்கள் அந்தத் தொழிலாளிகள்? 239 பேர், வேலை போனதற்குக் கொடுத்த பணத்திலிருந்து ஆளுக்கு 8,000 பவுன் போட்டுச் சுரங்கத்தையே வாங்கினார்கள். 1995 ஜனவரி 2-ல் ஊர்வலமாகப் போய் மறுபடி இறங்கினார்கள். 'இலாபமில்லாத' அந்தச் சுரங்கம் நிலக்கரி தீரும் வரை, 2008 ஜனவரி வரை, 13 வருஷம் அவர்களுக்குச் சோறு போட்டது.

தங்கவயல் தொழிலாளர்களும் கூட்டுறவாக நடத்துகிறோம் என்றுதான் கேட்டார்கள், கோர்ட்டுப் படியேறினார்கள். டில்லி என்ன செய்தது? 2006-ல் உலக டெண்டர் என்று முடிவெடுத்தது. 2013-ல் உச்சநீதிமன்றம் அந்த டெண்டருக்கே வழிவிட்டது. தோண்டினவனுக்கு இல்லாத நம்பிக்கை, எங்கிருந்தோ வரப்போகிற கம்பெனி மேல்!

வேல்ஸிலிருந்து இன்னொரு சேதியும் உண்டு. அபர்ஃபான் என்ற கிராமத்துக்கு மேலே சுரங்கக் கழிவை மலையாய்க் கொட்டி வைத்திருந்தார்கள். 1966 அக்டோபர் 21 காலை அது சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள் மாண்டார்கள். மிஞ்சிய கழிவை அகற்ற, செத்த குழந்தைகளுக்காக ஊர் உலகம் அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுனை அரசு எடுத்தது! அதைத் திருப்பிக் கொடுக்க 1997 வரை ஆயிற்று.

தங்கவயலிலும் அப்படிப்பட்ட மேடுகள் உண்டு. சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த பின் கொட்டிய பொடிமண், 13 மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். காற்றடித்தால் அந்தத் தூசு சோற்றில் விழுகிறது, மூச்சில் ஏறுகிறது. நூறு வருஷமாய் அது குப்பை. யாரும் அள்ள வரவில்லை. அதில் இன்னும் பல டன் தங்கம் இருக்கிறது என்று கணக்கு வந்ததும் குப்பை சொத்தாகிவிட்டது! 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை, ஆயிரம் ஏக்கர் பரப்பில் உள்ள அந்த 13 மேடுகளிலும் மறுபடி தங்கம் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. மத்திய அரசின் கம்பெனி மாநிலத்துக்குத் தரவேண்டிய 75 கோடிச் சொச்சம் பாக்கியைக் கட்ட வேண்டுமாம், அதுதான் நிபந்தனை. அந்தத் தூசைத் தின்றவனுக்கு என்ன பாக்கி என்று அங்கே யார் கேட்டார்கள்?

அவன் கேட்பது அதிகமில்லை. குடியிருக்கும் லைன் வீட்டுக்குத் தன் பெயரில் பத்திரம், மேட்டை அள்ளும் வேலையில் தன் பிள்ளைக்கு முதல் இடம், அள்ளும்போது தூசு பறக்காமல் தண்ணீர்த் தெளிப்பு, இருமலுக்கு ஒரு ஒழுங்கான ஆஸ்பத்திரி. டெண்டர் தாளில் இந்த நாலும் ஏறும் முன் முதல் லாரி மேட்டில் ஏறக்கூடாது.

மண்டிக் கணக்கருக்கு இந்தப் பத்திரிகையை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அடுத்த முறை அவரையும் மாரிக்குப்பம் ரயிலுக்கு அழைத்துப் போவதாக இருக்கிறேன். விடியுமுன் எழுந்திருப்பாரா, பார்ப்போம்.